அடைகாக்கும் காட்டு வாத்தும் தோட்டத்துத் தானியங்கிக் கேமராவும்: ஒரு மதிப்புரை

வீட்டுத் தோட்டத்துக்கு வந்துபோகும் காட்டு வாத்துகளையும், வசந்த காலம் தொடங்கியதும் தலைகாட்டும் மற்ற உயிர்களையும் பார்த்து மகிழ விரும்புவோருக்காக விற்கப்படும் பொருள்கள் பல. தீனித் தட்டு, மிதவைக் கூடு, பைனாகுலர், குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் செயலி என்று அவை ஒவ்வொன்றும் ஒரு வகையில் உதவக்கூடியவையே. ஆயினும் ஒரே ஒரு பொருளைத்தான் வாங்க முடியும் என்றால், அசைவை உணர்ந்து தானாகவே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவைத்தான் நான் பரிந்துரைப்பேன். மற்றப் பொருள்களெல்லாம் பறவையை நம் பக்கம் வரவழைக்கவோ, நம்மைப் பறவையின் பக்கம் நெருங்க வைக்கவோ உருவானவை. இந்தக் கேமராவோ நம்மை வீட்டுக்குள் இருக்கச் சொல்கிறது. காட்டு வாத்தைப் பொறுத்தவரை நாம் செய்யக்கூடிய பெரிய உதவியும் அதுதான்.

நான் பயன்படுத்திவருவது நடுத்தர வகையைச் சேர்ந்தது. ஏஏ அளவு பேட்டரிகளில் இயங்குவது. மூடியைத் திறந்தால் சிறு திரையும் பொத்தான்களும் இருக்கும். இரவில் அகச்சிவப்பு விளக்கின் துணையால் கறுப்பு வெள்ளைப் படம் தரும். படங்கள் எஸ்டி கார்டில் சேரும். இவ்வகைக் கேமராக்கள் பல பெயர்களில் ஏறக்குறைய ஒரே உறுப்புகளோடு வருகின்றன. ஆகவே பெயரைப் பார்த்து வாங்குவதைவிட, இந்த வேலைக்கு எந்தப் பண்புகள் இன்றியமையாதவை, எவை வெறும் விளம்பரம் என்று தெரிந்துகொண்டு வாங்குவதே பயன் தரும். இந்த மதிப்புரையும் அந்த முறையிலேயே செல்கிறது.

முதலில் வாத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தக் கருவியின் நிறைகுறைகளை முடிவு செய்வது வாத்தின் இயல்புதான். வட பாதிப் புவியின் தோட்டங்களில் பெரும்பாலும் காணப்படுவது மல்லார்டு வாத்து. ஆணுக்குப் பச்சை மின்னும் தலை, கழுத்தில் வெள்ளை வளையம், மேல்நோக்கிச் சுருண்ட கறுப்பு வாலிறகுகள். பெட்டைக்கு உலர்ந்த புல்லின் நிறத்தில் புள்ளியும் கோடுமான உடல். இரண்டின் சிறகிலும் வெள்ளை விளிம்பிட்ட நீலப் பட்டை உண்டு. மஸ்கோவி வாத்தைத் தவிர, உலகெங்கும் வளர்க்கப்படும் வீட்டு வாத்து இனங்கள் எல்லாவற்றுக்கும் மூதாதை இதுவே. இதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் சற்று உயரத்தில் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலேயே தன்னைச் சுற்றிலும், தலைக்கு மேலும் பார்க்க வல்லது. ஆகவே பின்பக்கமாகச் சென்று எட்டிப்பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. நாம் பதுங்கி வருவதாக நினைத்துக்கொண்டு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியையும் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. எழுந்து பறக்காமல் இருப்பது தன் நிறம் தன்னைக் காக்கும் என்ற நம்பிக்கையால்தான்.

அந்த நம்பிக்கையை நாம் உடைத்துவிட்டால் விளைவு முட்டைகளுக்குத்தான். வாத்துகள் வேறு பல பறவைகளைப் போலக் கூட்டுக்கான பொருள்களைச் சுமந்து வருவதில்லை. தரையில் ஒரு குழிவை உடலால் அழுத்தி உண்டாக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்து அலகுக்கு எட்டும் புல்லையும் இலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கின்றன. பிறகு பெட்டை தன் மார்பின் மென்தூவியைப் பிடுங்கி முட்டைகளைச் சுற்றி மெத்தை அமைக்கிறது. தானாக விரும்பி இரை தேடப் புறப்படும்போது அந்தத் தூவியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுச் செல்லும். திடுக்கிட்டுப் பறக்கும்போது மூட நேரம் இருக்காது. வெளிர்நிற முட்டைகள் திறந்து கிடக்க, மரத்தின் மேலிருந்து பார்க்கும் காகத்துக்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேறு வேண்டியதில்லை. நாம் மிதித்து உண்டாக்கிய தடமும், விலக்கிவிட்ட புல்லும் அதன் பிறகும் பல நாள் அப்படியே இருக்கும். நேரில் பார்ப்பதை விட்டுவிட்டுக் கருவியிடம் அந்தப் பணியை ஒப்படைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி கேமராவின் உண்மையான திறனுக்கு வருவோம். இதன் முன்பக்கத்தில் உள்ள உணரி, வெப்பத்தின் அசைவை அறிவது. சூழலைவிட வெப்பம் கூடிய ஒன்று அதன் பார்வைப் பரப்பில் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு நகர்ந்தால் படமெடுக்கும். நரிக்கும் முள்ளெலிக்கும் இது மிக நன்றாக வேலை செய்கிறது. வாத்திடம் தடுமாறுகிறது. நீரில் வாழத் தகுந்த அடர்த்தியான இறகுப் போர்வை உடலின் வெப்பத்தை உள்ளேயே வைத்துக்கொள்வதால், வாத்தின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. நீந்தும்போது உடலின் கீழ்ப்பகுதி நீரில் மறைந்தும் விடுகிறது. அடைகாக்கும் பெட்டையோ அசைவதே இல்லை. முன்னே வாத்து உட்கார்ந்திருக்க, கேமரா மணிக்கணக்கில் ஒரு படமும் எடுக்காமல் இருப்பதும், வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினால் நூற்றுக்கணக்கில் வெற்றுப் படங்களை எடுத்துக் குவிப்பதும் இதன் விளைவு. கருவி பழுதென்று எண்ணிச் சிலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பழுதில்லை; அதன் இயல்பே அதுதான்.

இதற்குத் தீர்வு, குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் வசதி. அசைவு இருக்கிறதோ இல்லையோ, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று நாம் சொன்னபடி படம் எடுத்துக்கொண்டே இருக்கும். வாத்துக்காகக் கேமரா வாங்குபவர் வேறெதையும் பார்க்காவிட்டாலும் இந்த வசதியை மட்டும் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதிலும் இடைவெளிப் படமும் அசைவுப் படமும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். பல மலிவான கேமராக்களில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று அணைந்துவிடுகிறது. அப்படிப்பட்டவை வாத்தின் வாழ்க்கையில் பாதியைத்தான் காட்டும். நான் பயன்படுத்தும் கேமராவில் இரண்டும் சேர்ந்து இயங்குகின்றன. அதன் மற்றக் குறைகளை நான் பொறுத்துக்கொள்வதற்கு இந்த ஒன்றே போதுமான காரணமாக இருக்கிறது.

இந்த வசதியால் கிடைக்கும் பலன் சாதாரணமானதன்று. மல்லார்டு பெட்டை நாளுக்கு ஒரு முட்டை வீதம் இடுகிறது. ஓர் ஈட்டில், அதாவது ஒரு முறை இடும் முட்டைத் தொகுதியில், வழக்கமாக எட்டு முதல் பதின்மூன்று முட்டைகள் வரை இருக்கும். ஈடு முடியும்வரை அது முழு அடையில் உட்காருவதில்லை. முட்டையிட வந்து, சிறிது நேரம் இருந்துவிட்டுப் போய்விடுகிறது. இது தெரியாதவர்கள் தாயில்லாத முட்டைகளைக் கண்டு, கைவிடப்பட்டவை என்று முடிவு கட்டி எடுத்துவிடுவது உண்டு. இடைவெளிப் படங்களை வரிசையாகப் பார்த்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. பெட்டை எப்போது வந்தது, எப்போது போனது, எந்த நாளிலிருந்து எழாமல் உட்காரத் தொடங்கியது என்பது படத்தின் ஓரத்தில் அச்சான நேரத்திலிருந்தே தெரிந்துவிடும். அடை தொடங்கியபின் ஏறக்குறைய 28 நாள்கள். அதற்குள் பெட்டை நாளொன்றுக்கு ஓரிரு முறை மட்டும் எழுந்து சென்று இரை தேடி, நீரில் முழுகி, இறகைக் கோதித் திரும்பும். ஆண் வாத்து அடைகாப்பதில் பங்கெடுப்பதில்லை. அடை தொடங்கிய சில நாள்களில் விலகிச் சென்றுவிடும். அந்தப் பெட்டை ஒரு மாத காலம் தனியாகக் காட்டும் பொறுமையைப் படம் படமாகப் பார்த்த பிறகு, அந்தப் பக்கம் புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்துச்செல்ல யாருக்கும் மனம் வராது.

இரவுப் படத்துக்கான விளக்கில் இரு வகைகள் உண்டு. 850 நானோமீட்டர் அலைநீள ஒளி தரும் விளக்குகள் தொலைவு வரை வெளிச்சம் பாய்ச்சுகின்றன, ஆனால் எரியும்போது மங்கிய செந்நிறப் புள்ளிகளாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. 940 நானோமீட்டர் விளக்குகள் அப்படித் தெரிவதில்லை. படம் சற்று இருண்டும் மணல் தூவினாற்போலும் இருக்கும், எட்டும் தொலைவும் குறைவு. வீட்டுத் தோட்டத்தில் எட்ட வேண்டிய தொலைவு சிறிதுதான் என்பதால் இரண்டாவது வகையே ஏற்றது. என் கேமராவும் அந்த வகைதான். அதன் இரவுப் படங்கள் அழகானவை என்று சொல்ல முடியாது, ஆனால் எந்த விலங்கு, எங்கே போகிறது, வாத்து தலையைத் தூக்கியதா இல்லையா என்பதற்கு அவை தாராளமாகப் போதும். ஒலியையும் கவனிக்க வேண்டும். பகலிலிருந்து இரவுக்கு மாறும்போது கேமராவுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி நகர்வதால் ஒரு சிறு ‘டிக்’ ஓசை எழுகிறது. அமைதியான அந்தி நேரத்தில் முள்ளெலி அதைக் கேட்டு நின்று பார்ப்பது படத்திலேயே தெரிகிறது. வாங்குமுன் கடையில் கேமராவைக் காதருகே வைத்து இந்த ஓசையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மெகாபிக்சல் எண்ணிக்கையை நம்பி ஏமாற வேண்டாம். பெட்டியின் மேல் இருபது, முப்பது, அதற்கும் மேல் என்று அச்சிடப்பட்டிருக்கும் எண் பெரும்பாலும் கேமராவின் பட உணரி உண்மையில் பதிவு செய்வது அன்று. குறைந்த புள்ளிகளில் எடுத்த படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கிக் காட்டும் எண் அது. என் கேமராவில் மிக உயர்ந்த அளவில் எடுத்த படமும் அதற்குப் பாதி அளவில் எடுத்த படமும் விவரத்தில் வேறுபடவே இல்லை. கார்டு மட்டும் விரைவில் நிறைந்தது. விற்பனையாளர்கள் உண்மையான அளவைத் தெளிவாக அச்சிட வேண்டும்; அதை மறைப்பது வாங்குபவரின் நம்பிக்கைக்குச் செய்யும் அநீதி.

கேமராவை எங்கே வைப்பது என்பதில்தான் இந்தக் கருவியின் பயன் முழுதும் அடங்கியிருக்கிறது. கேமராவுடன் வரும் கையேட்டில் இதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டிருப்பது பெருங்குறை. இவ்வகைக் கேமராக்களின் குவியம் நிலையானது. ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு உட்பட்டவை மங்கலாகவே விழும். ஆகவே நெருக்கமாக வைப்பதில் எந்த ஆதாயமும் இல்லை. காலை வெயிலும் மாலை வெயிலும் லென்சில் நேராக விழாதபடி வட பாதிப் புவியில் வடக்கு நோக்கி வைப்பது நலம். விலங்கு கேமராவை நோக்கி நேராக வருவதைவிடக் குறுக்கே கடப்பதையே உணரி எளிதில் அறிகிறது. எனவே வாத்து நடக்கும் பாதைக்குப் பக்கவாட்டில், முழங்காலுக்கும் கீழான உயரத்தில் பொருத்த வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் கண்ணாடி வழியே படமெடுக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனெனில் உணரி அறியும் வெப்பக் கதிர் கண்ணாடியைக் கடந்து வருவதில்லை. இரவு விளக்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படத்தை வெண்மையாக்கிவிடும். அண்டை வீட்டார் தோட்டமோ தெருவோ படத்தில் விழாமல் திசையைத் திருத்திக்கொள்வதும் நம் கடமை.

கூட்டுக்கே நேராகக் கேமராவை வைக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை: பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டதென்றால் வைக்கக் கூடாது. வாத்து வருவதற்கு முன்பே அந்த இடத்தில் கேமரா இருந்தால் அதை அது தோட்டத்தின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்கிறது. அடைகாக்கும்போது புதிதாக ஒன்று முளைத்தால் கூட்டைக் கைவிடவும் கூடும். பல நாடுகளில் காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவது சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டமும், பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் காட்டுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டமும் இதற்கென இருக்கின்றன. சட்டம் இல்லாத இடத்திலும் மனச்சாட்சி இதைத்தான் சொல்லும். கூட்டிலிருந்து நீருக்குச் செல்லும் வழியிலும், குளத்தின் கரையிலும் வைத்தாலே போதும். சொல்லப்போனால் நல்ல படங்கள் அங்கேதான் கிடைக்கின்றன.

குஞ்சு பொரிக்கும் நாளுக்காகவே இந்தக் கேமராவை வாங்கலாம் என்று தயங்காமல் சொல்வேன். முட்டைகள் வெவ்வேறு நாள்களில் இடப்பட்டவை ஆனாலும், எல்லாவற்றுக்கும் அடை ஒன்றாகத் தொடங்குவதால் குஞ்சுகள் சில மணி நேர இடைவெளிக்குள் பொரிந்துவிடுகின்றன. ஓட்டுக்குள் இருக்கும்போதே அவை குரல் கொடுக்கத் தொடங்குகின்றன. தாயும் மெல்லிய குரலில் மறுமொழி சொல்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கில்பர்ட் காட்லீப் மல்லார்டுக் குஞ்சுகளை வைத்து நடத்திய ஆய்வுகள், முட்டைக்குள் கேட்கும் குரல்களே பிறந்தபின் தாயின் அழைப்பைச் சரியாக அடையாளம் காணத் துணை செய்கின்றன என்று காட்டின. என் கேமராவின் ஒலிவாங்கி சிறியதுதான், காற்றின் இரைச்சல் அதிகம்; இருந்தும் குஞ்சுகளை நடத்திச் செல்லும் தாயின் தாழ்ந்த குரல் வீடியோவில் தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. உரத்த ‘குவாக்’ ஒலி பெட்டைக்கே உரியது, ஆணின் குரல் கரகரத்து மெலிந்தது என்பதையும் இந்தப் பதிவுகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பொரிந்த குஞ்சுகள் உலர்ந்து, தாயின் அடியில் சூடேறி, ஒரு நாளுக்குள் கூட்டை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. அந்த ஊர்வலம் கேமராவைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. நேரில் காத்திருந்து பார்க்க முயல்பவர்களில் பெரும்பாலோருக்கு அது கிட்டாது. இந்தக் கட்டத்தில் அசைவை உணரும் முறை நன்றாகவே கைகொடுத்தது, ஏனெனில் தரையில் குறுக்காகக் கடக்கும் தாயும் குஞ்சுகளும் உணரிக்குத் தெளிவாகப் படுகின்றன. அசைவைக் கண்டதும் படமெடுக்க ஆகும் தாமதம் அரை வினாடிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்கு மேலென்றால் கடைசிக் குஞ்சின் வால் மட்டுமே மிஞ்சும்.

அதே படங்கள் நம் குளத்தின் குறையையும் நமக்குக் காட்டிவிடும். கரை செங்குத்தாக இருந்தால் நீரில் இறங்கிய குஞ்சுகளால் மேலேற முடியாது; குளிரில் நனைந்து சோர்ந்து இறக்கவும் நேரிடும். சரிவான கரையோ, கல் அடுக்கோ, சொரசொரப்பான பலகைச் சாய்வோ கட்டாயம் வேண்டும். நீச்சல் குளம் இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம். சிறிய தோட்டக் குளம் ஒரு வாத்துக் குடும்பத்தை வளர்த்தெடுக்கப் போதாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். குஞ்சுகள் பறக்கத் தொடங்க 50 முதல் 60 நாள்கள் ஆகின்றன. அவ்வளவு காலத்துக்கும் வேண்டிய பூச்சியும் புழுவும் நீர்த்தாவரமும் சிறு குளத்தில் இருக்காது. தாய் அவற்றைப் பெரிய நீர்நிலைக்கு நடத்திச் செல்வது இயற்கையானது. வேலிக்கதவைத் திறந்து வைப்பதும், நாயையும் பூனையையும் உள்ளே கட்டுப்படுத்தி வைப்பதும்தான் நாம் செய்ய வேண்டியவை. குஞ்சுகளைப் பிடித்துச் சுமந்து செல்ல முயன்றால் தாய் பறந்து பிரிந்துவிடும் ஆபத்து உண்டு.

கேமராவுடன் சேர்த்து ‘வாத்துத் தீனி’ என்று சில கடைகள் ஒரு பொட்டலத்தையும் விற்கின்றன. அதை வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ரொட்டித் துண்டுகளைப் போடுவது அதைவிடத் தவறு. சத்தில்லாமல் வயிற்றை நிரப்புவதோடு, மிஞ்சியது நீரில் அழுகிப் பாசியையும் எலியையும் பெருக்குகிறது. ஓரிடத்தில் தீனி போட்டால் பறவைகள் நெருங்கிக் கூடும், எச்சம் சேரும், நோய் எளிதில் பரவும். பறவைக் காய்ச்சல் பல கண்டங்களில் காட்டுப் பறவைகளை வாட்டிவரும் இந்தக் காலத்தில் இதைச் சிறு விஷயமாகக் கருத முடியாது. தீனி வைத்த இடத்தில் எடுத்த படங்களில் வாத்துகள் சண்டையிடுவதையும் தின்பதையும் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. தீனி இல்லாத கரையில் அவை அலகால் துழாவி இரை தேடுகின்றன, தலைகீழாக முழுகி வாலைத் தூக்குகின்றன, இறகுக்கு எண்ணெய் தடவுகின்றன, தூங்குகின்றன.

அந்தத் தூக்கத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கரையில் வரிசையாக அமர்ந்து உறங்கும் வாத்துகளின் இரவுப் படங்களை உற்றுப் பார்த்தால், ஓரத்தில் இருப்பவற்றின் வெளிப்பக்கக் கண் திறந்திருப்பதைக் காணலாம். மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருக்கும் நிலை அது. மல்லார்டு வாத்துகளை வரிசையாக வைத்து ஆராய்ந்து, ஓரத்துப் பறவைகளே இப்படி அதிகம் உறங்குகின்றன என்றும் திறந்த கண்ணை வெளிப்புறம் நோக்கியே வைக்கின்றன என்றும் காட்டிய ஆய்வு 1999இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட ஓர் உண்மையை, தன் வீட்டுக் குளக்கரையில், பறவைகளை எழுப்பாமலேயே பார்க்க முடிகிறது என்பதற்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் தகும் என்பேன்.

வாத்தைத் தவிர்த்த வசந்த கால உயிர்களில் இந்தக் கேமரா யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர்கால உறக்கம் முடிந்து வரும் முள்ளெலி, குட்டிகளுக்கு இரை தேடும் நரி, ஈரமண்ணைக் கொத்தும் பறவைகள், மழை ஓய்ந்த காலையில் குளிக்க வரும் சிறு குருவிகள் ஆகிய அனைத்தும் நன்றாகப் பதிவாகின்றன. தவளைகள் பதிவாவதில்லை, அவற்றின் உடல் சூழலின் வெப்பநிலையிலேயே இருப்பதால் வெப்ப உணரிக்கு அவை இல்லாதவையே. முட்டைத் திரள்களை விட்டுச்செல்லும் இரவுகளை இடைவெளிப் படங்களில் மட்டுமே பிடிக்க முடியும். குளத்தில் வாத்துகள் நிலையாகத் தங்கினால் தலைப்பிரட்டைகளையும் நீர்ச்செடிகளையும் தின்று தீர்த்துவிடும் என்பதும் இந்தப் படங்களில் தெரியவரும் உண்மை. தவளைகளுக்கென ஆழமற்ற, செடி அடர்ந்த ஒரு தனிக் குட்டை வெட்டுவது அதற்கு நல்ல வழி. வசந்தத்தின் தொடக்கத்தில் மகரந்தம் தேடி அலையும் பம்பிள் தேனீ அரசிகளைப் பார்க்க இந்தக் கேமரா பயன்படாது. அவை மனிதரைப் பொருட்படுத்துவதில்லை, பூச்செடி அருகே உட்கார்ந்து கண்ணாலேயே பார்க்கலாம். மாண்டரின், கோல்டன்ஐ போன்ற, மரப்பொந்திலோ பெட்டியிலோ கூடு கட்டும் வாத்துகள் வரும் தோட்டமென்றால், பெட்டியின் வாயிலைப் பார்த்தவாறு சற்றுத் தொலைவில் பொருத்தலாம். பிறந்து ஒரு நாளேயான குஞ்சுகள் அந்த உயரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குதிப்பதை வீடியோவாக எடுக்கக் கிடைப்பது பெரும் பேறு.

கட்டமைப்பைப் பொறுத்தவரை எனக்கு மனநிறைவும் உண்டு, குறையும் உண்டு. மழையும் உறைபனியும் உள்ளே இறங்கவில்லை. கொடுத்த பட்டை நாடா மரத்தில் கட்டத்தான் ஏற்றது. குளக்கரையில் நிறுத்த ஒரு குட்டையான இரும்பு முளையைத் தனியே வாங்க வேண்டியிருக்கிறது. தாழ்ப்பாள் விறைப்பாக இருப்பதால், கார்டை எடுக்கும்போதெல்லாம் கேமராவின் திசை சற்று மாறிவிடுகிறது. பேட்டரியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சாதாரண ஆல்கலைன் பேட்டரிகள் குளிர்ந்த இரவுகளில் மின்னழுத்தம் குறைந்து, விளக்கு எரியும் நேரத்தில் கேமராவை அணைத்துவிடுகின்றன. லித்தியம் ஏஏ பேட்டரிகள் விலை கூடுதலானாலும் குளிரைத் தாங்கி நீண்ட நாள் உழைக்கின்றன. இடைக்கிடையே பேட்டரி மாற்றப் போவதும் பறவைக்குத் தொந்தரவுதான் என்பதால் இந்தக் கூடுதல் செலவு நியாயமானது. 32 ஜிபி கார்டு, இடைவெளிப் படங்களுக்கும் குறும் வீடியோக்களுக்கும் தாராளமாகப் போதும். நேரம், தேதி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சரியாக அமைத்துவிடுங்கள். அவை தவறானால் படங்களுக்கு அழகு இருக்கும், பதிவு என்ற மதிப்பு இருக்காது.

கைப்பேசிக்கு உடனுக்குடன் படம் அனுப்பும் விலையுயர்ந்த வகையையும் நான் பயன்படுத்திப் பார்த்தேன். கார்டை எடுக்கப் போக வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை. கூட்டுக்கு அருகில் இருக்கும் கேமராவுக்கு அதுவே சிறந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் செயலி அடிக்கடி தொடர்பை இழந்தது; விற்ற நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களுக்கு ஆயத்தமாக வைத்திருந்த ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. மாதச் சந்தா கட்டினால்தான் முழு அளவுப் படம் கிடைக்கும் என்ற நிபந்தனையும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. வாத்து கூட்டில் இருக்கும் மாதத்துக்கு மட்டும் சந்தா செலுத்திப் பிறகு நிறுத்திக்கொள்ள முடியுமானால் வாங்கலாம். ஆண்டு முழுதும் கட்ட வேண்டுமென்றால் தேவையில்லை.

தோட்டத்தில் வெட்டாமல் விட்ட உயரமான புல்லோ, அடர்ந்த புதரோ, அடியில் காய்ந்த இலையோ இல்லாதவர்கள் இந்தக் கேமராவை இப்போது வாங்க வேண்டாம். ஒரு மூலையையாவது ஓராண்டு வெட்டாமல் வளரவிட்டு, கரையைச் சரிவாக்கி, பூச்சிமருந்தை நிறுத்திப் பாருங்கள். பெட்டை வாத்து மறைவிடம் தேடி அந்த மூலைக்குள் நுழைந்து வெளியேறுவதைக் கண்டீர்களானால், அடுத்த வசந்தத்துக்கு முன்பே, பனி உருகத் தொடங்கும் போதே, கேமராவை முளையில் பொருத்தி வைத்துவிடுங்கள். அப்படி ஆயத்தமான தோட்டம் உள்ளவர்களுக்கு, இடைவெளிப் பட வசதியும் 940 நானோமீட்டர் விளக்கும் கொண்ட நடுத்தர வகைக் கேமராவை முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன்.